அரை அங்குலமும் முக்கால் அங்குலமும்

திருவொற்றியூர்,
திங்கட்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

மணிமொழி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை வேளைக்குச் சாப்பிடுகிறார்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

கிடங்கில் கப்பல் சாமான்களுக்கெல்லாம் பார்கோடு போட்டோம். அரை அங்குல போல்ட்டுக்கும் முக்கால் அங்குல போல்ட்டுக்கும் “போல்ட்தானே, ஒரே நம்பர் போதும்” என்றார் மேலாளர். வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. கப்பலுக்குத் தவறான பெட்டி போய்விட்டது. உடனே, ஸ்டிக்கரை ஒட்டிய பூவம்மா அக்காதான் மாற்றி ஒட்டிவிட்டார் என்று மேலாளர் எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

“எனக்கோசரம் நீ ஏம்மா பேஜாராவுற? கையெழுத்த போட்டுக் குடுத்துடு,” என்றார் அக்கா.

“நீங்க ஒட்டுனது சரிக்கா. சார் குடுத்த நம்பர்தான் தப்பு,” என்றேன், மேலாளர் முன்னாலேயே.

அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. வேலை சீக்கிரம் முடிகிறது. புது எண் போட்டு, அறுநூறு பெட்டிகளிலும் நானும் அக்காவும் மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

எலுமிச்சை ஊறுகாய் அனுப்புங்கள். பார்சல்மேல் முகவரியைக் கடையில் அச்சடிக்க வேண்டாம், உங்கள் கையாலேயே எழுதுங்கள். உள்ளே ‘அனுசரித்துப் போ’ என்று மட்டும் சீட்டு வைக்காதீர்கள்.

பஸ் வந்துவிட்டது.

மணிமொழி