கோடிப் புடவைப் பைகள்

இயேசு மரி சூசை துணை

புதுப்பட்டினம்,
டிசம்பர் 5, வெள்ளி

அன்புள்ள மகள் ஜெனிட்டாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் என் தையல் மெஷினும் நலம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் நீ ஒன்பது சொல்கிறாய், அப்புறம் அழுகிறாய், உன்னைப் பார்த்து நானும் அழுகிறேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகிறது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, உட்கார்ந்து முழுசாகப் படி. மழையில் மாடி ஒழுகிய இடத்தைக் கொத்தனார் திருவேங்கடம் வந்து பூசிவிட்டுப் போனார், இப்போது ஒழுகவில்லை. முட்டி வலி இருக்கிறது, மாத்திரையும் போடுகிறேன், அதற்காகத் தனியாக போன் செய்து திட்ட வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா போய் ஏழு மாதம் ஆகிறது. துக்க வீட்டில் இந்த வருஷம் கிறிஸ்துமஸ் கிடையாது, ஸ்டார் கட்டக் கூடாது, பலகாரம் சுட்டு எவர் வீட்டுக்கும் அனுப்பக் கூடாது, பிறர் கொண்டுவந்து கொடுப்பதை வாங்கி வைத்துக்கொண்டு மூலையில் உட்கார வேண்டும் என்று உன் அத்தை ஞானம்பாள் அடக்கம் முடிந்த மறுவாரமே சொல்லிவிட்டாள். நீயும் ஊர் பேசும், சும்மா இரும்மா என்றாய். முப்பத்து நாலு வருஷமாக இந்தத் தெருவில் எத்தனை வீட்டுக்கு உன் அப்பா கையில் தட்டைக் கொடுத்து அனுப்பியிருப்பேன், அவர் போனதும் என் கை ஆகாத கையாகிவிட்டதா? வந்த கோபத்தில் பீரோவைத் திறந்தேன். அப்பா இறந்தபோது சொந்தக்காரர்கள் எனக்குப் போட்ட கோடிப் புடவை பதினொன்றும் மடிப்புக் கலையாமல் கிடந்தன, எல்லாம் சாம்பலும் காவியும் மங்கல் பச்சையும். கட்டிக்கொள்ளவும் மனசு வராது, கொடுத்தால் வாங்கவும் ஆள் கிடையாது. கத்தரிக்கோலை எடுத்து முதல் புடவையை வெட்டினேன். பலகாரம்தானே கொடுக்கக் கூடாது, அடுத்தவர்கள் தங்கள் பலகாரத்தைப் போட்டுக் கொடுக்கப் பை தைத்துக் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சாமியாரும் பிரசங்கம் வைத்ததில்லை.

ஒரு புடவைக்கு உள்துணியோடு ஆறு பை வந்தது. பார்டரை வெட்டிக் கைப்பிடி, முந்தானையில் வெளிப்பாக்கெட். துணி வழுக்கி வழுக்கி ஓடியது, அடியில் செய்தித்தாளை வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு தாளைக் கிழித்தேன். கடைத்தெருவில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் ஜஹனாராவிடம் கைப்பிடிக்குள் வைக்க நாடா கேட்கப் போனால், இன்னாக்கா, எல்லாப் பையும் நீயே தச்சிகினு இருந்தா நான் கடைய மூடிட்டுப் போறதா என்று கிண்டல் செய்துகொண்டே ஒரு கட்டைத் தூக்கிக் கொடுத்தாள். முப்பது பை தைத்து முடித்தேன். அவரவர் போட்ட புடவை அவரவருக்கே பையாகப் போனால் சங்கடப்படுவார்கள் என்று ஒவ்வொன்றிலும் பேர் எழுதிய சீட்டைக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தேன். அங்கேதான் புத்தி கெட்டுப்போனது. இஸ்திரி போடும்போது சீட்டையெல்லாம் எடுத்துவிட்டு, பிறகு ஏதோ ஞாபகத்தில் மாற்றிக் குத்திவிட்டேன்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வைத்துக் கொடுத்தேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் அத்தை கையில் போனது அவள் போட்ட அதே காவிப் புடவை. பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னா அண்ணி இது, எங்கண்ணன் சாவுக்கு நான் போட்ட கோடியாச்சே, அத்தப் போயி கத்திரி போட்டுக்கீறியே என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினாள். எனக்கு முகம் எரிந்தது. ஆமா நீ போட்டதுதான், பீரோவுல பூட்டி வச்சா உங்கண்ணன் எழுந்து வந்துடுவாரா என்று கேட்டேன். கேட்டது தப்பு என்று நீ சொல்வாய், சொல்லிக்கொள். அவள் பையைப் பெஞ்சில் போட்டுவிட்டுப் போனாள், அவளைப் பார்த்து இன்னும் ஐந்து பேர் போட்டுவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு எடுத்துப் போனார்கள். அந்த ஆறு பையையும் ஒளித்தா எடுத்து வந்தேன்? தோளுக்கு மூன்றாக மாட்டிக்கொண்டு கடைத்தெரு வழியாகவே மெதுவாக நடந்து வந்தேன், பார்க்கிறவன் பார்க்கட்டும் என்று. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அது அப்பாவுக்காக அழுதது இல்லை, ஆத்திரம். முகம் கழுவிக்கொண்டு அடுத்த புடவையை வெட்ட உட்கார்ந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் வாசலில் ஆட்டோ நின்றது, பார்த்தால் உன் அத்தை, கையில் பெரிய மூட்டை. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் நேரே உள்ளே வந்து மூட்டையை மெஷின் மேல் வைத்து அவிழ்த்தாள். உன் மாமா இறந்தபோது அவளுக்குப் போட்ட கோடி, ஒன்பது புடவை, நாலு வருஷமாக ஒன்றின் மடிப்பும் பிரியவில்லை. மாமா போனதிலிருந்து அவள் எந்தக் கிறிஸ்துமஸுக்கும் ஒரு வீட்டுப் படி ஏறியதில்லை, நாம்தான் பலகாரத்தை அவள் வாசலில் கொடுத்துவிட்டு வருவோம், உனக்கே தெரியும். முதல் வருஷத்துக்குமேல் அவளை யாரும் மூலையில் உட்காரச் சொல்லவில்லை ஜெனிட்டா, எழுந்து வா என்றும் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது, வெட்கமாக இருந்தது. எனக்குக் கை வரல அண்ணி, நீயே வெட்டு என்றாள். நான் வெட்டினேன், அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள், கடைசிப் புடவை வரை விடவில்லை.

அவள் புடவையில் தைத்த முதல் பையை இந்தக் கடிதத்தோடு பார்சலில் வைத்திருக்கிறேன், கேளம்பாக்கம் கூரியரில் நாளைக்குப் போகிறது, போன் வந்தால் எடு. இத ஜெனிட்டாவுக்கு அனுப்பு என்று அவள்தான் எடுத்துக் கொடுத்தாள், நாலு வருஷத்தில் அவள் கையால் வெளியே போகும் முதல் கிறிஸ்துமஸ் சாமான் இது. நீயும் அங்கே இந்த வருஷம் எதுவும் செய்யப்போவதில்லை என்று சொன்னாயே, அந்தப் பேச்சு என்னிடம் வேண்டாம். கல்கல் செய், அச்சு முறுக்கு செய், இந்தப் பையில் போட்டு எதிர் வீட்டுக்காரர்களுக்குக் குழந்தை கையால் கொடுத்தனுப்பு. குழந்தைக்குக் குளிர் படாமல் பார்த்துக்கொள், மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் கைவிடாமல் காப்பார்.

இருபத்து நாலாம் தேதி நானும் உன் அத்தையும் பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறோம். வாங்காதவர்கள் வாங்காமல் போகட்டும், நாங்கள் கொடுக்காமல் இருக்கப் போவதில்லை.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்கார அம்மா
அமலோற்பவம்