வியாழக்கிழமைத் துடிப்பு

ஜூன் 2

என் செல்ல மகளுக்கு,

நீ அனுப்பிய பட்டையைக் கையில் கட்டிக்கொண்டேன். குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. என் நாடித்துடிப்பும் தூக்கமும் அங்கே உன் போனில் தெரிகிறதாமே. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு இப்போது நீ மேலதிகாரி. ஆனால் இது வந்ததிலிருந்து நீ கூப்பிடுவதுதான் குறைந்துவிட்டது. மூன்று வாரம் ஆயிற்று. வேலை அதிகம் போலிருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா

ஜூலை 9

அன்பு அப்பாவுக்கு,

எண்கள் சரியாக இருந்ததால் நிம்மதியாக இருந்துவிட்டேன். ஆனால் நாலு வியாழக்கிழமையாகச் சாயங்காலம் துடிப்பு நூற்று முப்பதைத் தொடுகிறது. போனில் சிவப்பாகக் காட்டியதும் ஒவ்வொரு முறையும் பதறிப்போய்த்தான் கூப்பிட்டேன். நீங்களோ, "ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் உக்காந்திருக்கேன்" என்கிறீர்கள். உட்கார்ந்திருப்பவருக்கு இப்படித் துடித்தால் விடக்கூடாது என்று டாக்டர் புது மாத்திரை எழுதியிருக்கிறார். துடிப்பைக் குறைக்குமாம். நீங்கள் மறக்கக்கூடாது என்றுதான் எழுதியும் அனுப்புகிறேன். ஒருவேளைகூடத் தவறவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்

ஆகஸ்ட் 4

கண்ணு,

இடது கையால் எழுதுகிறேன், கோணல்மாணலாகத்தான் இருக்கும். குளியலறையில் தலைசுற்றி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்ததை ஆஸ்பத்திரியில் உனக்குச் சொல்லியிருப்பார்கள். அவர்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. வியாழன் உனக்கு விடுமுறை. அன்றைக்கு நம் கட்டடத்தின் நாலு மாடியையும் இரண்டு தடவை விறுவிறுவென்று ஏறி இறங்குவேன். சிவப்பாகக் காட்டினால் கொஞ்ச நேரத்தில் உன் குரல் வந்துவிடும். மாத்திரை வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்பாயே, வெட்கமாக இருந்தது. பேசாமல் விழுங்கிவிட்டேன். உன்னை ஏமாற்றியது தப்புதான், மன்னித்துவிடு.

அப்பா

ஆகஸ்ட் 15

அப்பா,

உங்கள் கடிதத்தை டாக்டருக்குப் படித்துக் காட்டினேன். மாத்திரையை நிறுத்தும்படி ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்துவிட்டார். மன்னிப்பெல்லாம் நீங்கள் கேட்காதீர்கள், தாங்க முடியவில்லை.

அந்த நாலு வியாழனும் பேசியதை டாக்டருக்காகக் குறித்து வைத்திருந்தேன். நேற்று எடுத்துப் பார்த்தேன். மூச்சு வாங்குகிறதா, உப்பைக் குறைத்தீர்களா, தூக்கம் எப்படி. நான் கேட்டவையும் அவற்றுக்கு நீங்கள் சொன்ன பதிலும் மட்டுமே இருக்கின்றன. ஒருநாள் நடுவில் நீங்கள் ஏதோ சொல்லத் தொடங்கினீர்கள். "அது இருக்கட்டும்பா, மொதல்ல கையை ஆட்டாம வைங்க, நம்பர் சரியா வரல" என்றேன். நான் சொன்னது நினைவிருக்கிறது. நீங்கள் சொன்னது எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

நாலு மாடி ஏறி இறங்கி என்னிடம் சொல்ல வந்தது என்ன, அப்பா?

மகள்