சாத்தினால் பூட்டிக்கொள்ளும் கதவு

வீடில்லாத என் வீட்டுக்காரருக்கு,

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நகராட்சி வாடகை வீட்டுக் குலுக்கலில் நம் பேரைக் கூப்பிட்டதும், ஓடிப்போய் அந்த அதிகாரியம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

"விடும்மா, மூச்சு முட்டுது! வாடகை வீடுதான், அரண்மனை இல்ல."

"மேடம், அவரு மில் ஷெட்டுல படுக்கிறாரு, நானும் பொண்ணும் அக்கா வீட்டு ஹால்ல படுக்கிறோம். எங்களுக்கு இது அரண்மனைதான்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்தேன். எனக்குச் சளி.

வாடகை உங்கள் சம்பளத்துக்குள் அடங்கிவிடும். நினைத்த நேரத்தில் காலி பண்ணச் சொல்லவும் மாட்டார்களாம்!

அக்கா வீட்டில் நம் பெண் சத்தமில்லாமல் சிரிக்கப் பழகியிருந்தாள். இந்தப் புது வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், சுவரே அதிர்ந்தது. நான் அதட்டவில்லை.

இரண்டு அறை. ஒன்று உங்கள் குறட்டைக்கு. ஆனால் முதல் ராத்திரியே அங்கே போய்ப் படுத்தீர்களோ, தொலைந்தீர்கள். ஷெட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு சனிக்கிழமையே வந்துவிடுங்கள்.

கதவு நல்ல உறுதி. சாத்தினால் தானாகவே பூட்டிக்கொள்ளும் வகை. சாவி உள்ளே அடுப்பு மேடைமேல் பத்திரமாக இருக்கிறது. நம் பெண், வாட்ச்மேனைத் தேடிப் போயிருக்கிறாள். செருப்பும் உள்ளேதான்.

இப்படிக்கு,
மூன்றாவது மாடிப் படிக்கட்டிலிருந்து,
உங்கள் வாயாடி