பூட்டினதுக்கு அப்புறம் என்ன ஆச்சு?

அன்பு மகள் சுடர்விழிக்கு அம்மா எழுதுறது. இங்க அப்பாவோட முழங்காலைத் தவிர எல்லாரும் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியா இருப்பேன்னு நினைச்சுக்கிட்டுதான் எழுத உக்காந்தேன். இந்தப் பழைய பள்ளிக்கூட ஆராய்ச்சி யாருக்கு வேணும், விட்டுட்டு பெங்களூர்ல கம்பெனி வேலைக்குப் போறேன்னு தம்பி தமிழ்மாறன்கிட்ட சொன்னியாம். போன்ல கேட்டா சரிம்மா வைக்கிறேன்னு வச்சுடுற, கடுதாசின்னா பாதியில வைக்க முடியாதுல்ல. தபால்ல போட்டா நைரோபிக்கு எப்ப வந்து சேருமோ, தமிழ்மாறன் போட்டோ எடுத்து அனுப்புறேன்னிருக்கான். ஆத்துல தண்ணி வந்து குறுவை நடவு முடிஞ்சுது. நம்ம வயல் பள்ளம், மெஷின் இறங்காதுன்னு கையாலதான் நட்டோம்.

அந்த நடவுலதான் விஷயமே. வெள்ளைக்காரன் ஆப்பிரிக்காவுல பள்ளிக்கூடம் நடத்தின கதையை எனக்குச் சொன்னியே, அதை நட்டுக்கிட்டே எல்லாருக்கும் சொன்னேன். அங்கத்துப் பிள்ளைங்களுக்கு ஏட்டுப் படிப்பு ரொம்ப வேண்டாம், மண்வெட்டியும் தச்சுவேலையும் போதும்னு லண்டன்ல உக்காந்து முடிவு பண்ணாங்கன்னேன், குனிஞ்சபடியே உம் கொட்டினாங்க. கென்யாவுல ஜனங்க அதை ஒத்துக்காம தாங்களே பள்ளிக்கூடம் கட்டினாங்க, பொம்பளைங்க ஒண்ணு கூடி, கல்லும் மண்ணும் சுமந்து, பொட்டப் பிள்ளைங்க தங்கிப் படிக்க விடுதி எழுப்பினாங்கன்னதும் வரிசையே நின்னுடுச்சு, ஒருத்திக்கும் கை ஓடலை. எனக்கே மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு கண்ணு. காவேரின்னு ஒரு ஆறு இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது, கடலுக்கு அந்தாண்ட எங்கேயோ இருந்தவங்க, நம்ம மனசுல கிடக்குறதை எப்படிச் செஞ்சாங்க? எங்கப்பா சின்னப் பிள்ளையா இருந்தப்ப இங்கேயும் பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் அப்பன் தொழில்னு ஒரு திட்டம் வந்து, ஜனங்க எதிர்த்து நின்னு அடுத்த வருசமே போயிடுச்சாம். கடைசியில வெள்ளைக்கார சர்க்கார் அந்தக் கென்யாப் பள்ளிக்கூடங்களைப் பூட்டிடுச்சுன்னு நீ சொன்ன இடத்துல நானும் நிறுத்திட்டேன், அதுக்கு மேல நீதான் சொல்லலையே.

எனக்குப் பக்கத்துல நட்டவ காளியம்மா. அவ பையன் எட்டாவது படிக்கிறான், அவதான் இப்ப நம்ம பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி. போன வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நானும் வார்டு மெம்பர்ங்கறதால போயிருந்தேன். வெளியூர் டிரஸ்ட்காரங்க வந்து, ஒழுகுற சயின்ஸ் ரூமைப் புதுசா கட்டித் தர்றோம், ஆனா பிள்ளைங்க மத்தியானப் பாடத்துக்குப் பதிலா வயலுக்குப் போகணும், கிராமத்துப் பிள்ளைங்களுக்கு விவசாயம் ரத்தத்துலயே ஊறினதுன்னாங்க. நல்ல மனுசங்கதான், கும்பிட்டுத்தான் பேசினாங்க. சமோசா, டீ எல்லாம் வந்துச்சு, கைதட்டியாச்சு, ஹெட்மாஸ்டர் தீர்மானத்தைக் காளியம்மா முன்னால கையெழுத்துக்கு வச்சுட்டார். கூட்டத்துல அவ வாயத் தொறந்து நான் பார்த்ததே இல்லை. பேனாவை மூடி வச்சுட்டு எந்திரிச்சு நின்னா. "ஐயா, நாத்து நட நாங்களே சொல்லித் தந்துடுவோம். எங்களுக்குத் தெரியாததை நீங்க சொல்லிக் குடுங்க"ன்னா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. யோசிச்சுச் சொல்றோம்னு போயிருக்காங்க, ரூம் இன்னும் ஒழுகத்தான் செய்யுது, அதுல எனக்கும் வருத்தம்தான். வெளிய வந்ததும் எங்கேருந்துடி வந்துச்சு உனக்கு இவ்வளவு தைரியம்னு கேட்டேன். அந்தக் கென்யாக்காரிங்க கல்லே சுமந்தாங்க, நான் ஒரு கையெழுத்துப் போடாம இருக்கக் கூடாதாக்கான்னு கேட்டுட்டு, மாட்டைப் பிடிச்சுக் கட்டணும்னு போயிட்டா.

உன் முடிவு உன் இஷ்டம்னு அப்பா சொல்லிட்டார். அங்க தனியாக் கிடந்து நீ படுற பாடு எனக்குத் தெரியாதா, நானும் வற்புறுத்த மாட்டேன். தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்னுட்டுப் படுக்காதே. நீ எங்க இருந்தாலும் எங்க ரெண்டு பேர் ஆசீர்வாதமும் உன்கூடவே இருக்கும். ஒண்ணே ஒண்ணு மட்டும் மறந்துடாதே. வர்ற வாரம் களை எடுக்க இறங்குறோம். பூட்டினதுக்கு அப்புறம் அந்தப் பொம்பளைங்க என்ன பண்ணாங்கன்னு காளியம்மா பார்க்குற இடத்துல எல்லாம் கேக்குறா. நீ விட்டுட்டேன்னா அவளுக்கு நான் என்னடி சொல்றது?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா தங்கம்மாள்