இழை இணைப்பு விண்ணப்பம்

ஆடி 11, ஞாயிறு

விடிந்ததிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட தலையணை உறை பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். எடுக்கப் போகவில்லை. கால் வலி.

ஆபீஸ் மெயிலை மூன்றாவது முறை படித்தேன். படித்தால் மாறிவிடுமா? போன் சிக்னலை நம்பி வீட்டில் வேலை பார்ப்பவர்கள் அடுத்த மாதம் பதினைந்துக்குள் கேபிள் இணைப்பு எடுக்க வேண்டும். இல்லையென்றால் தினமும் கிண்டி ஆபீஸ். முசரவாக்கத்திலிருந்து கிண்டி! பஸ், ரயில், படிக்கட்டு, திரும்ப ரயில், பஸ். இடது காலில் பிளேட் வைத்ததிலிருந்து இருபது நிமிடம் நின்றாலே வீங்குகிறது. அதனால்தான் இந்த வேலைக்கே வந்தேன். இன்சூரன்ஸ் பாரங்களை உட்கார்ந்தபடி சரிபார்க்கிற வேலை. இது போனால் என்னை வேறு எவன் கூப்பிடுவான்.

நெட் கம்பெனிக்காரன் சொன்னது: நாற்பது வீட்டுக் கையெழுத்து இருந்தால் மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் கேபிள் இழுப்பார்கள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆள் வந்து பார்ப்பார்.

ஸ்டீபன் (எலக்ட்ரிக் கடை) கூட வருகிறான். காலனி வீடுகள் அவன் பொறுப்பு. கம்பெனி கொடுத்த பாரம் முழுக்க ஆங்கிலம். நானே தமிழில் எழுதினேன். ‘கண்ணாடி இழை இணைப்பு விண்ணப்பம்.’ ஸ்டீ. பார்த்துவிட்டு, “கண்ணாடின்னு போடாதக்கா, காலைக் கிழிச்சிடும்னு பயந்துக்குவாங்க” என்றான். சரி, கண்ணாடியை அடித்தாயிற்று. ‘இழை இணைப்பு விண்ணப்பம். வீட்டுக்கு வீடு தடையின்றி வழங்கப்படும்.’ நாலு பிரதி. கையெழுத்து முத்து முத்தாக. எனக்கே பெருமை.

இன்று கிடைத்தது 11.

ஆடி 12, திங்கள்

காற்று நிற்கவில்லை. காலையில் வேலை நடுவே இரண்டு முறை லைன் அறுந்தது. சூப்பர்வைசர் பெண்ணின் குரலில் சலிப்பு.

கையெழுத்து கேட்டால் கிடைத்த பதில்கள்:
– போனிலயே நெட் இருக்குதே. (எங்கே இருக்கிறது? தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால் இருக்கிறது.)
– டவர் வைப்பீங்களா?
– ஆடியில புதுசா எதுவும் ஆரம்பிக்க மாட்டோம்.
– உனக்கு இதுல என்ன வருது?

கடைசிக் கேள்வி கேட்டவரை நன்றாகத் திட்டியிருப்பேன். ஸ்டீ. இழுத்து வந்துவிட்டான். காலனியையும் சேர்த்து மொத்தம் 19.

பன்னிரண்டு மணிக்கு நெசவுத் தெரு. எல்லார் வீட்டிலும் தறி ஓடும் நேரம், வெயில் வேறு, கால் வீங்கிவிட்டது. ஏகாம்பரம் அண்ணனிடம் தாளைக் கொடுத்தேன். அந்தத் தெருவில் அவர் சொன்னால் எடுபடும். வெள்ளிக்கிழமை கம்பெனி ஆள் வருகிறார், நாற்பது வீடு வேண்டும், அவ்வளவுதான் சொன்னேன். தலைப்பை வாய்விட்டுப் படித்தார். “இழை இணைப்பு விண்ணப்பம். நல்லா எழுதிக்கிறம்மா” என்றார். என் தமிழுக்குப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு வந்தேன், மடச்சி.

சாயங்காலம் அவரே தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். 22 வீடு. தெருவில் ஒரு வீடு பாக்கியில்லை. நாலு கைநாட்டு கூட. 19ம் 22ம் 41!

வெங்காய போண்டா போட்டேன். வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து, என்ன விசேஷம் என்றார்.

ஆடி 13, செவ்வாய்

ரேஷன் கடை. துவரம்பருப்பு இல்லை. பாமாயில் மட்டும்.

வரிசையில் ஏகாம்பரம் அண்ணன் மனைவி சாரதாக்கா. முகமெல்லாம் சிரிப்பு.

“எப்போம்மா வருது இழை? பாவுக்கா, ஊடைக்கா?”

பாவு நீளவாட்டு நூல், ஊடை குறுக்கு நூல். இது தெரியாத ஊரிலா பிறந்தேன்? பட்டு நூல் வரப்போகிறது என்று நினைத்திருக்கிறார்கள். தெரு மொத்தமும். இழை இணைப்பாம், வீட்டுக்கு வீடாம், தடையின்றி வழங்கப்படுமாம். எந்த நெசவுக்காரர் கையெழுத்து போடமாட்டார்?

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தலையாட்டினேன். ரெண்டுக்கும் என்பதுபோல ஒரு ஆட்டு.

அக்கா சொன்னாள், இரண்டு மாதமாக நூல் சரியாக வரவில்லை, வீட்டில் ஒரு தறி சும்மா கிடக்கிறது என்று. நான் பாமாயிலை வாங்கிக்கொண்டு பையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். திரும்பப் போய் எடுத்தேன்.



ஆடி 14, புதன்

நாலு பாரம் தப்பாகச் சரிபார்த்தேன், திரும்பி வந்துவிட்டன. கவனம் எங்கே இருக்கிறது.

ஸ்டீ.யிடம் சொன்னேன். முதலில் சிரித்தான். அப்புறம், “உட்டுடுக்கா. லைன் வந்துட்டா புள்ளைங்க எல்லாம் பாத்துக்கினு இருக்கும். அப்புறம் யாரு கோச்சிக்கப் போறாங்க?” என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருப்பதுபோலத்தான் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்ற வேண்டும், அதனால் தோன்றியது.

சொல்லாவிட்டால்: 41. கேபிள். வேலை.
சொன்னால்: 19. கிண்டி.

மத்தியானம் மாவரைக்கப் போகிற சாக்கில் நெசவுத் தெரு வழியாகப் போனேன். போயிருக்கக் கூடாது. சாரதாக்கா சும்மா கிடந்த தறியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நூல் சுற்றுகிற ராட்டையை வெளியே எடுத்து வைத்து எண்ணெய் விட்டிருந்தாள். என்னைப் பார்த்து, காபி குடிச்சிட்டுப் போ என்றாள். மாவு புளிச்சிடும் என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன். மாவு இன்னும் அரைக்கவே இல்லை.

பயமாக இருக்கிறது. வேலை போகும் என்று ஒரு பயம், அந்த ராட்டையை நினைத்தால் இன்னொரு பயம். இரண்டில் எது பெரிது என்று தெரியவில்லை.

ஆடி 15, வியாழன்

லீவு போட்டேன். தலைவலி என்று பொய்.

போய்ச் சொல்லிவிட்டேன்.

காலை எட்டு மணி, தறியில் உட்காரும் முன். ஏகாம்பரம் அண்ணன் வாசலில் ஆறேழு பேர். இழை என்றால் நூல் இல்லை, நெட் வருகிற கண்ணாடிக் கம்பி, தலைமுடி மாதிரி இருக்கும், எழுதினதில் தப்பு என்னுடையது என்றேன். வாய் குழறியது. இது வராவிட்டால் என் வேலை போய்விடும் என்பதையும் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை, பரிதாபம் தேடவா?

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். ஒருவர் மட்டும் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஏகாம்பரம் அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று. “அது அறுந்தா யாரும்மா பிணைப்பாங்க?” ஆள் மிஷினோடு வந்து ஒவ்வொன்றாக ஒட்டுவார் என்றேன். “ஒவ்வொண்ணாவா” என்றார். தாளைக் கேட்டார். கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான், தறிக்குப் போய்விட்டார்.

சாரதாக்கா வெளியே வரவே இல்லை.

19.

ஸ்டீ. கோபித்துக்கொண்டான். அவன் கடையிலும் நெட் வந்தால் வியாபாரம் கூடும் என்று கணக்குப் போட்டிருந்தான், பாவம். இவரிடம் சொன்னேன். “கிண்டின்னா கிண்டி. நான் ஸ்டேஷன் வரைக்கும் வண்டியில விடறேன்” என்றார். ஷிப்டை யார் மாற்றிக் கொடுப்பார்கள்? அது அவருக்கும் தெரியும்.

காலுக்கு ஒத்தடம். வெந்நீர் ஆறிப்போனது, மறுபடி வைக்கவில்லை.

ஆடி 16, வெள்ளி

ஆடி வெள்ளி. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், மைக் செட் காதைக் கிழிக்கிறது. கம்பெனி ஆள் பத்தே காலுக்கு வந்தார். சின்ன வயசுக்காரர், ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. 19ஐ நீட்டினேன். “நாப்பதுன்னு சொன்னாங்களே மேடம்” என்றார். ஆமாம், சொன்னார்கள்.

அவர் வண்டியைத் திருப்பும்போது சாரதாக்கா. ஈரத் தலை, கையில் கூழ்த் தூக்கு, இடுப்பில் செருகிய காகிதம். அதே தாள்தான். நான் முத்து முத்தாக எழுதிய பக்கம் இல்லை, பின்பக்கம். பால்பாயின்ட் பேனாவில், கோணல் எழுத்தில்:

‘இது நூல் இல்லை. நெட். தெரிஞ்சுதான் போடறோம்.’

கீழே 18 வீடு. அதில் மூன்று கைநாட்டு. வேட்டியை உதறிக்கொண்டு போனவர் பேரைத் தேடினேன். இல்லை.

19ம் 18ம் 37. கம்பெனி ஆள் இரண்டு முறை எண்ணினார். திங்கட்கிழமைக்குள் இன்னும் மூன்று வீடு கிடைத்தால் மேலே எழுதுகிறேன், கட்டாயம் வரும் என்று சொல்ல மாட்டேன் என்றார். இன்னும் மூன்று வீடு. டவர் வருமா என்று கேட்டவரிடம் மறுபடி போக வேண்டும். எனக்கு என்ன வருது என்று கேட்டவரிடம் கூட.

அழுதேன் போல. மைக் செட் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

அவர் போனதும் சாரதாக்கா கூழை ஊற்றிக் கொடுத்தாள். குடித்து முடித்தேன். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை மேஜையில் வைத்தாள். நெசவாளர் சங்கத்துக்கு மனு எழுத வேண்டுமாம், நூல் கேட்டு, தெரு மொத்தத்துக்கும்.

“உனக்குத்தான் எழுத்து நல்லா வருதே” என்றாள்.

தலைப்பு நான் போடவில்லை. அவளையே சொல்லச் சொன்னேன். ‘நூல் வேண்டி’ என்றாள். எழுதினேன். அடுத்த வரிக்குப் பேனாவைத் தூக்கிக்கொண்டு, யோசிக்காமல் கேட்டுவிட்டேன், பாவுக்கா ஊடைக்கா என்று.

என் முகத்தையே பார்த்தாள்.

“நீதான் அன்னிக்கு ரேஷன் கடையில தலையாட்டினியே. ரெண்டுக்கும்னு.”

ரெண்டுக்கும் என்று எழுதினேன்.