இருட்டுக்குக் கைதட்டியவர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். தியேட்டரில் டிக்கெட் கிழிக்கும் வேலையில் ஒரு குறையும் இல்லை. படங்கள்தான் குமட்டுகின்றன.

வித்தியாசமான படம் என்று வாரம் ஒன்று வருகிறது. எல்லாம் ஒரே அச்சு. மஞ்சள் சட்டைக்காரன் ஒருத்தன், மனிதர்களோடு பேசவே மாட்டான். இந்த வாரத்து ஆள் ஃபிரிட்ஜோடு பேசுகிறான். ஜனங்களுக்குச் சலித்துவிட்டது, வருவதையே நிறுத்திவிட்டார்கள். நேற்று டைரக்டர் வருகிறார் என்று, மேனேஜர் வேலையாட்கள் எங்களையே சீருடையைக் கழற்றச் சொல்லி ரசிகர்கள் மாதிரி உட்காரவைத்தார். திடீரென்று திரை இருண்டது. விட்டது சனி என்று எல்லோரும் கைதட்டி எழுந்துவிட்டோம். பார்த்தால் அது இடைவேளைகூட இல்லை. படத்தில் அவன் கதவை மூடியதால் ஃபிரிட்ஜுக்குள் விளக்கு அணைந்ததாம்! தலையெழுத்தே என்று மறுபடி உட்கார்ந்தோம்.

படம் முடிந்ததும் டைரக்டர் கண்கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த இருட்டைப் புரிஞ்சு கைதட்டின முதல் ஆளுங்க நீங்கதான்!"

"ஏன் சார், உங்க வீட்ல பேச ஆளே இல்லையா?" என்றேன். அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டார். தூ!

பொத்தான் தைக்க ஊசியும் நூலும் அனுப்புங்கள். இங்கேயும் கிடைக்கும்தான், இருந்தாலும் அனுப்புங்கள்.

வேலைக்கு நேரமாகிறது. என் அறை ஃபிரிட்ஜ் வேறு காலையிலிருந்து உறுமுகிறது. "சும்மா இரு, அம்மாவுக்கு எழுதிட்டிருக்கேன்ல" என்று இப்போதுதான் அதை அதட்டினேன்.

உங்கள் பெரியவன்