கடைசிப் பந்திக்குச் சோறு இல்லை

1911, செப்டம்பர் 18, திங்கள்

மேல்காற்று ஓயவில்லை. கண்ணெல்லாம் மண். மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். எழுதியே தீரவேண்டும்.

நடந்த அநியாயம் இது. சனிக்கிழமை, ஸ்தோத்திரப் பண்டிகை அசனம், சபையார் எல்லாரும் கூடி உண்ணும் விருந்து. பத்தொன்பது வருஷம் நான் பிடித்த சோற்று அகப்பையை மரக்கடை மாசிலாமணி என் கையிலிருந்து பிடுங்கி, டவுணிலிருந்து கூலிக்கு வந்த ஒருவனிடம் கொடுத்தான். பிறகு தானே முதல் பந்தியில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து தின்றான். கடைசிப் பந்தியில் பனையேறித் தெருப் பெண்கள் பதினோரு பேர். இலையில் உப்பு விழுந்தது. துவையல் விழுந்தது. சோறு விழவில்லை. பானை காலி.

நம் சபையில் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு. அசனத்துக்கு மூப்பராக இருப்பவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் சோறு பரிமாறவேண்டும். அனைவரும் தின்று எழுந்தபின் பானையின் அடியில் கிடப்பதைத் தான் தின்னவேண்டும். ஒன்றும் கிடக்காவிட்டால் பட்டினி. பத்தொன்பது வருஷத்தில் நான் மூன்று தரம் பட்டினி கிடந்திருக்கிறேன். வெறும் இலையை விட்டு எழுந்தவர் ஒருவர்கூட இல்லை.

அவன் பெயரை முழுதாக எழுதக் கை கூசுகிறது. இனி மா. என்று போதும்.

விடமாட்டேன்.

செ. 19, செவ்வாய்

காற்று. மாடு கன்று போட்டது, கிடாரி. மூக்குக்கண்ணாடிக் கம்பி ஒடிந்து நூல் கட்டியிருக்கிறேன்.

குருவானவரைப் பார்த்தேன். சின்ன வயசு, பாளையங்கோட்டைப் படிப்பு. கோயில் கூரைக்கு மா. மரம் கொடுத்தானாம். அந்த நன்றிக்குச் சபைச் சங்கத்தார் அவனை இந்த வருஷம் அசன மூப்பராக்கினார்களாம். என்னிடம் சொல்ல மறந்துவிட்டதாம். மரம் கொடுத்தவன் பெயரைக் கல்லில் வெட்டி வையுங்கள், அகப்பையை ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். மன்னித்து ஜெபியுங்கள் என்றார்.

ஜெபித்தேன். என்ன கேட்டேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. கரையானைப் பற்றியது.

செ. 21, வியாழன்

நடந்தே வண்ணார்பேட்டை. மா.வின் மரக்கடை. தேக்கு வாசனை தெருமுனை வரைக்கும். நாற்காலி போடச் சொன்னான், மோர் வரவழைத்தான். தொடவில்லை.

பதினோரு இலையைப் பற்றிக் கேட்டேன். கூலிக்காரர்கள் செய்த தப்பாம். டவுண் கல்யாண வீடுகளில் முதல் பந்திக்கு இரண்டு தரம் சோறு வைத்துப் பழகியவர்கள், இங்கும் அப்படியே வைத்துவிட்டார்களாம். இரண்டு வாரத்தில் வரும் கோயில் பிரதிஷ்டை அசனத்துக்கு இரண்டு பானை கூடுதலாக ஏற்றினால் தீர்ந்தது என்றான்.

பானை அல்ல, துண்டு என்றேன். மூப்பன் துண்டைக் கட்டிப் பானை அண்டையில் நின்றிருந்தால் எத்தனை இலை பாக்கி என்று அவன் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

எழுந்துவிட்டான்.

“எங்க தாத்தா மிராசு வீட்டு வாசல்ல தோள்துண்ட இறக்கி இடுப்புல கட்டிக்கிட்டு நின்னாரு. அத மேல ஏத்தத்தான் எங்கப்பன் கிறிஸ்து வேதத்துக்கு வந்தான். நீரு என்னை மறுபடியும் இறக்கச் சொல்லுதீரு. வெக்கமா இல்லையா வே உமக்கு?”

மரம் அறுப்பவர்கள் வாளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். திரும்பி நடந்தேன். வெயில்.

செ. 22, வெள்ளி

பதில் இன்று காலை வந்தது, பல் விளக்கும்போது.

என் அப்பாவும் அதே மிராசு வாசலில் நின்றவர்தான். அங்கே துண்டை இறக்காவிட்டால் அடி விழும். அதனால் இறக்கினார்கள். பனையேறித் தெரு ராகேல் யாரை அடிப்பாள்? புருஷன் பனையிலிருந்து விழுந்து செத்தவள், பதினோரு பேரில் ஒருத்தி. அவள் இலைக்கு முன்னால் குனிந்தால் மா.வுக்கு எது குறைந்துபோகும்? துண்டு தோளில் கிடந்தால் குனியும்போது சோற்றில் விழும். அதற்காகவும்தான் இடுப்பில் கட்டுகிறோம்.

இதை அங்கேயே அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கவேண்டும். ஒரு நாள் பிந்திவிட்டது. அதற்கும் சேர்த்து அவன் அனுபவிக்கவேண்டும்.

செ. 26, செவ்வாய்

ராகேல் வீட்டுக்குப் போனேன். பதநீர்க் காலம் முடிந்ததிலிருந்து அந்தத் தெருவில் ஒரு வேளைதான் அடுப்பு எரிகிறது. ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்தாள். சங்கத்தார் முன் வந்து, என் இலையில் சோறு விழவில்லை என்று ஒரு வார்த்தை சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

கையை நிறுத்தவில்லை. தலையையும் நிமிர்த்தவில்லை.

“எனக்கு ஒருநா சோறு போச்சு அண்ணாச்சி. ஒங்களுக்குப் பத்தொம்பது வருசப் பெருமை போச்சு. எதுக்கு இந்த வெயில்ல நடந்து வந்தியன்னு எனக்குத் தெரியாதா? என் வெறும் இலையத் தூக்கிக்கிட்டுப் போயி ஒங்க சண்டையப் போடாதிய.”

இரண்டும் ஒன்றுதான் என்றேன்.

“ஒண்ணுன்னா, அன்னைக்கு நீங்க ஏன் மொதப் பந்தியில உக்காந்து தின்னிய?”

வந்துவிட்டேன்.

தின்றேன். உண்மை. அகப்பை போனதும் குருவானவர் கையைப் பிடித்து மா.வின் பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். ரோஷத்தில் இரண்டாம் தரமும் சோறு வாங்கினேன். எனக்குப் பின்னால் யாருக்கு இருக்கும் என்று நினைக்கவில்லை. பத்தொன்பது வருஷமும் அதை மட்டுமே நினைத்தவன், அன்றைக்கு ஒரு நாள் நினைக்கவில்லை. 18ஆம் தேதி இதை எழுதாமல் விட்டேன். இப்போது எழுதுகிறேன்.

செ. 28, வியாழன்

வெளியே போகவில்லை. கன்றுக்குக் கழிச்சல், ஓமத் தண்ணீர் கொடுத்தது. மண்ணெண்ணெய் வாங்கவேண்டும்.

வீட்டில் ஞானம் முறையிடுகிறாள். “ஊருல என்ன சொல்லுதாவ தெரியுமா? சோத்துக்குச் சண்ட போடுதாருன்னு. இந்த வயசுல இது தேவையா?” நாற்பது வருஷமாக என்னுடன் இருப்பவள். இவளுக்கே விளங்கவில்லை என்றால் சங்கத்தாருக்கு எங்கே விளங்கும்.

ஆம், சோற்றுக்குத்தான்.

செ. 30, சனி

வழி கிடைத்தது.

ராகேல் சங்கத்துக்கு வரமாட்டாள். சரி, நான் ராகேலின் பந்திக்குப் போகிறேன். நான் மட்டும் அல்ல. பிரதிஷ்டை அசனத்தில் முதல் பந்திக்கு மணி அடித்ததும் ஒருவரும் உட்காரக்கூடாது. பனையேறித் தெரு உட்காரும்போது எல்லாரும் அவர்களோடு உட்காரவேண்டும். மா. பெஞ்சில் தனியாக இருப்பான். முன்னால் பானை, பின்னால் ஊர். கூலிக்காரன் கையில் அகப்பை போகாதபடி சமையல்காரன் பார்த்துக்கொண்டால், பரிமாற அவனைத் தவிர ஆள் கிடையாது.

துண்டை அவனே இறக்கவேண்டும். தன் கையால்.

மனசு குளிர்ந்தது. பல நாளைக்குப் பிறகு பசித்தது.

அக்டோபர் 1, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஒவ்வொருவராகப் பிடித்தேன். பாதிப் பேர் சிரித்தார்கள். மரக்கடையில் மகனை வேலைக்கு விட்டிருப்பவர் பெரிய மனிதர் பகை எதற்கு என்று ஒதுங்கினார். இன்னொருவர் உடனே ஒத்துக்கொண்டார். போன வருஷம் மா. தன்னை ‘ஏலே’ என்று கூப்பிட்டானாம். எந்தக் காரணமானாலும் சரி, ஆள் சேர்ந்தால் போதும்.

மாலைக்குள் இருபத்திரண்டு குடும்பம்.

அக். 3, செவ்வாய்

சமையல்காரன் வேதமுத்து. அசனத்துக்குக் கறிக்குழம்பு வைப்பது எப்போதும் அவன்தான். சோற்றுப்பானையும் அகப்பையும் அவன் பொறுப்பு. போன தரம் டவுண் ஆட்கள் அவன் குழம்பில் காரம் போதாது என்று சொன்னதாகக் கேள்வி. அதைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பித்தேன். முகம் சிவந்தது.

“கூலிக்காரன் கையில அகப்பையக் குடுக்க மாட்டேன் அண்ணாச்சி. நீரு வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்.”

எனக்குமா என்றேன்.

“உமக்குந்தான். உம்ம கையில போச்சுன்னா அது உம்ம சண்ட. அவரு கையில போனாத்தான் அது நம்ம அசனம்.”

ராகேல் சொன்னதையே இவனும் சொல்கிறான். பேசிவைத்திருப்பார்களோ. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். மூப்பர் பதவி எனக்குத் திரும்பி வராது. அதை இந்த வரியில் எழுதி முடித்துவிட்டேன், இனி எழுதமாட்டேன்.

மா. குனிவதைப் பார்த்தால் போதும்.

அக். 5, வியாழன்

மா. கடையாள் மூலம் வேட்டி ஒன்று அனுப்பினான். சரிகைக் கரை. நாளை மறுநாள் முதல் பந்தியில் தன் பக்கத்தில் நான் உட்காரவேண்டுமாம், பழசை மறந்துவிடவேண்டுமாம். என்ன நடக்கப்போகிறது என்று அவனுக்கு வாசனைகூடத் தெரியாது.

திருப்பி அனுப்பினேன். நல்ல நெசவு. ஞானம் அந்தக் கரையைத் தடவிப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தாள்.

மண்ணெண்ணெய் மறந்தே போயிற்று.

அக். 6, வெள்ளி

காற்று நின்றது. வானம் மூடியிருக்கிறது. மழை வந்தால் பந்தி கோயிலுக்குள். நாளை அவரவர் செய்யவேண்டியது:

வேதமுத்து: அகப்பையைத் தன் இடுப்பில் செருகிக்கொள்வது. மா. கை நீட்டினால் மட்டும் எடுப்பது. கூலிக்காரர் அடுப்புப் பக்கம் வந்தால் விறகு எடுக்க அனுப்புவது.

குருவானவர்: ஜெபம் சுருக்கமாக. பெஞ்சில் உட்காராமல் தரையில், கடைசிப் பந்தியில். நேற்றுக் கேட்டேன், தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் தாழ்மையைப் பற்றிப் பேசியவர்தானே என்று நினைவுபடுத்தினேன். இன்னொரு தரம் காலையில் போய்ப் பார்க்கவேண்டும்.

இருபத்திரண்டு குடும்பம்: முதல் மணிக்கு நின்ற இடத்தில் நிற்பது. பசித்தாலும் நிற்பது. பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஏதாவது கொடுத்துக் கூட்டிவருவது.

ஞானம்: பெண்கள் பக்கம் அவள் பொறுப்பு. ‘என்னமோ செய்யுதீரு, நான் வாரேன்’ என்றாள்.

ராகேல்: ஒன்றும் செய்யவேண்டாம். வந்து உட்கார்ந்தால் போதும். எனக்காக வரவில்லை, பசிக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். நல்லது.

நான்: ராகேலுக்கு அடுத்த இலை. மா. எதிரில் வந்து குனியும்போது அவன் முகத்தை நிமிர்ந்து பார்ப்பது. கடைசிப் பிடி விழும்வரை ‘போதும்’ என்று சொல்லாமல் இருப்பது. இல்லை, இது வேண்டாம், எனக்குப் பின்னாலும் இலைகள் இருக்கும். ஒரு அகப்பை போதும்.

மா.: தோளில் கிடப்பதை இடுப்பில் கட்டுவது. பரிமாறுவது. எல்லாரும் எழும்வரை நிற்பது.

இன்னும் ஒன்று. எல்லாரும் எழுந்தபின் மூப்பனுக்கு இலை போட்டு அடிச்சோறு வைக்க ஓர் ஆள் வேண்டும். அதுவும் சட்டம்தான். எட்டுப் பேரைக் கேட்டேன், ஒருவரும் சம்மதிக்கவில்லை. அந்த ஒரு இலைக்கு மட்டும் எனக்கு அகப்பை தருவதாக வேதமுத்து சொல்லிவிட்டான்.

மா.வுக்கு இலை போடவேண்டியவன்: நான்.